உடனே வெளியே வரவும்

மண்ணெண்ணெய் விளக்கின் புகையில்
கண்ணாடித் துண்டைக் காட்டிக் கறுப்பாக்கி
தையல் ஊசியால் கீறுவேன்.
கீறிய இடம் வெளிச்சமாகும்.
நித்திரவிளை பாக்கியம் தியேட்டரில்
பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கிழிப்பதோடு
இதுவும் என் வேலை.
சம்பளம் ஒன்றுதான்.

‘நடைக்காவு தங்கநாடான் மகன் நேசையன்
உடனே வெளியே வரவும்.’

கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள்.
அவள் நெற்றியில் நேசையன் ஏறுவான்.
பாட்டு நிற்காது.
ஆனால் தரை, பெஞ்சு, பால்கனி எல்லாம்
படத்தை விட்டுவிட்டு
எழுந்திருப்பது யாரென்று தேடும்.
முட்டிகளில் இடித்து, செருப்பை மறந்து
ஒரு நிழல் திரையைக் குறுக்கே கடக்கும்.

பிள்ளை பிறந்தாலும் அதே மூன்று சொல்.
அப்பன் பனையிலிருந்து விழுந்தாலும்
அதே மூன்று சொல்.
காரணம் எழுதக்கூடாது, அது முதலாளியின் சட்டம்.
“வாசல் வரைக்குமாவது
அவன் தெரியாம நடக்கட்டும்.”
உரக்கடை விளம்பரத்துக்கு ஐந்து ரூபாய்.
இதற்குக் காசு கிடையாது.

எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.
கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் முகத்தைப் பாராமல்
கிழித்த பாதிகளை எண்ணுவேன்.
எண்ணியதையே எண்ணுவேன்.

ஏமாற்றியவர்களும் உண்டு.
சீட்டுப் பணம் கட்டாமல் முங்கித் திரிந்த குஞ்ஞன்பிள்ளையை
தாய்க்குச் சுகமில்லை என்று என்னை எழுதவைத்து
வெளியே வந்தவனை
சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து அடித்தார்கள்.
மறுமாதம் அவன் தாய்க்கு
நிஜமாகவே சுகமில்லை.
எழுதினேன்.
அவன் எழுந்திருக்கவில்லை.

கார்த்திகைக் காற்று அடித்த அன்று
இரண்டாம் ஆட்டத்தின் பாதியில் கரண்ட் போனது.
ஊரில் ஜெனரேட்டர் இருந்த இடம் இரண்டு,
ஆஸ்பத்திரியும் நாங்களும்.
படத்தை நிறுத்திவிட்டு கதவைத் திறந்து வைத்தோம்.
தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை.
கரையில் நிற்கவிடாமல் காற்று துரத்திய பெண்கள்
ஈரப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள்.
டிக்கெட் இல்லை.
பால்கனியில் மீன் குட்டை.
பதினோரு மணிக்கு எங்கிருந்தோ
ஒரு குட்டுவம் கட்டன்சாயா வந்தது.

கரை பிடித்த வள்ளங்களின் ஆட்பேரை
டியூப் டயரில் சுற்றிய தாளில்
சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்தான் பீர்கண்ணு.
நான் கீறினேன்.
ஆப்பரேட்டர் ஞானமணி காட்டினார்.
பேர் தெரிந்ததும் ஒருத்தி கத்திக்கொண்டு ஓடுவாள்.
மற்றவர்கள் அவளுக்காகச் சிரித்து முடிக்குமுன்
முகம் திரும்பவும் திரைக்குப் போகும்.
எழுத்துப் பிழையாய் ஒரு ‘ஜெறாள்டு’
இரண்டு பெண்களை எழுப்பிவிட்டது.
ஒருத்தி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
என்னை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

விடியும்போது
முன்பெஞ்சில் பிறிஜித்தாள் மட்டும்.
மாடிப்படி ஏறி என் பக்கத்தில் வந்தாள்.
“எனக்க ஆளுக்க பேரையும் எழுது பிள்ளே.”
“வந்த சேதி வரட்டும் அக்கா.”
“வராட்டியும் எழுது.
படம்னா உசிரு அவருக்கு.
மத்தவங்களுக்கு எழுதுவல்லா, அதுபோல எழுது.
விளிச்சா வருவாரு.”

‘வள்ளவிளை சூசையடிமை மகன் கிளீட்டஸ்
உடனே வெளியே வரவும்.’

ஞானமணி என்னைப் பார்த்தார்.
பிறகு கண்ணாடியைச் செருகினார்.
ஆளில்லாத கொட்டகையில்
அவ்வளவு பெரிய எழுத்தை நான் பார்த்ததில்லை.
நாங்கள் மூன்று பேரும்
கதவைத் திரும்பிப் பார்த்தோம். பழக்கம்.
டீசல் தீரும்வரை
அந்தப் பேர் அங்கேயே நின்றது.

அன்று கூட்டியபோது
கடலைத் தோல் இல்லை, பீடித்துண்டு இல்லை.
வாளி வாளியாக மணல்.

வெள்ளிக்கிழமை புதுப்படம்.
கண்ணாடிகள் போதவில்லை.
அதைத் துடைத்து, புகை காட்டி,
‘சைக்கிளை வாசலில் நிறுத்தாதீர்’ என்று
கீறிக்கொடுத்தேன்.