மூடு

இரவுப் பணி. நானும் கொசுவத்தியும்தான் விழித்திருந்தோம்.
பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரி வாசலில்
நகரிப் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ.
துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டு இறங்கியவன்
மொகிலி என்றான், வயது முப்பத்தொன்று,
விசைத்தறி.

நாடா எகிறிவிட்டதாம்.
புருவத்துக்கு மேலே ஒரு விரற்கடை நீளம்,
சுத்தமான வெட்டு.
அந்த இரும்பு மூக்குக்கு
நேராகப் போக மட்டும்தான் தெரியும்.

"குட்லு வேணாம்மா."
பாதி தெலுங்கு, பாதி தமிழ், முழு பயம்.
பகலெல்லாம் அறுந்த பாவு நூலைப் பிடித்து
முடிபோடுகிறவன்
ஊசிப் பெட்டியைப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

பசை இருக்கிறது என்றேன்.
சிரித்தான், வலித்தது, நிறுத்தினான்.
இடது முட்டியை நீட்டிக் காட்டினான்,
சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு.
"அஞ்சு ரூபா பசை. நானே ஒட்டிக்கினேன்.
அதுக்கா இம்மாந்தூரம் வந்தேன்?"

அண்ணன் தம்பிதான் ரெண்டும்.
ஒருத்தன் செருப்புக்கடைக்குப் போனான், தோலைச் சுடுவான்.
இவன் குளித்துவிட்டு வந்தவன் என்றேன்.
நம்பவில்லை. படுத்துக்கொண்டான்.

டாக்டர் செல்போனில் படம் பார்த்து
"ம்" என்றார்.

உப்புநீரில் கழுவினேன்.
கண்ணுக்கு வழியாமலிருக்க
இமைமேல் களிம்பு, அதன்மேல் ஈரப் பஞ்சு.
புண்ணின் இரண்டு உதடுகளையும்
சண்டைக்காரர்களை நிறுத்துவதுபோல்
நெருக்கி நிறுத்தினேன்.
உள்ளே ஒரு துளியும் இறங்கக் கூடாது,
மேலே மட்டும்,
ஊதா நிறத்தில் ஒரு கோடு.

இனி அறுபது வரை எண்ண வேண்டும்,
விரலை எடுக்காமல்.

ஒன்று என்றேன். ஒகட்டி என்றான்.
ரெண்டில் சந்தித்துக்கொண்டோம்.
அடுத்து அவன், "மூடு."
மூடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை,
எண்ணிக்கொண்டே போனான்,
தறி ஓடும் வேகத்தில்.
அவன் அரவையைத் தொட்டபோது
நான் நாற்பத்திரண்டில்.
மிச்சப் பதினெட்டுக்கும்
ஊர் தெரியாத ஒருவனின் நெற்றிச் சூடு
என் விரல் நுனியில்,
கீழே எங்கோ அவன் நாடி
தறியை நிறுத்தாமல்.

விரலை எடுத்தேன்.
வரவில்லை.

பன்னிரண்டு வருட அனுபவம்!
கையுறை அவன் புருவத்தோடு ஒட்டியிருந்தது.
வாசலின் கொண்டுவா என்று சொல்லவும் ஆளில்லை.
ஒற்றைக் கையால் கத்தரியைத் துழாவி
ரப்பர் நுனியை வெட்டி
என்னை விடுவித்துக்கொண்டேன்.

"பிய்க்காதே. பத்து நாளில் தானா உதிரும்.
ஈரம் படாமப் பாத்துக்கோ."
தலையாட்டினான்,
நெற்றியில் நீல நிறத்தில் என் ஆள்காட்டி விரல்.

பதிவேட்டில் எழுதினேன்.
தையல் எண்ணிக்கைக் கட்டத்தில் ஒரு கோடு.

ஆட்டோக்காரர் கேட்பது ஜன்னல் வழியே கேட்டது,
"நெத்தில இன்னாப்பா அது?"
"மேடம்காரி வேலு," என்றான் மொகிலி.
விரலுக்கு அவன் ஊரில் அதுதான் பெயர்.

ஆட்டோக்காரர் திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்து
கன்னத்தில் போட்டுக்கொண்டு
வண்டியைக் கிளப்பினார்.