மூணாவது சீட்டு

குலுக்கலில் எங்களுக்கு மூணாவது சீட்டு.
எட்டு அணி, நாற்பத்தாறு ஆட்டக்காரர்கள்,
சிம்மக்கல் லாட்ஜ் மாடியில்
ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு.
"எந்த இடத்துக்கு முதல்ல ஆள் எடுக்கணும்னு
வரிசை எழுதிக் குடுங்க கேப்டன்"
சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார் சந்திரபோஸ்.

பிளக்ஸ் கடை வைத்திருப்பவர்.
அவருக்கு ஸ்ட்ரைக்கர்தான் வேண்டும்.
அந்தரத்தில் கால் நீட்டிய படம்
கூடல்நகர் வளைவில் இருபதடிக்கு நிற்கும்.
ஸ்டாப்பர் பேக்கை யார் அச்சடிப்பார்?

திண்டுக்கல் சேசுதாஸ்
போன வருஷம் பதினோரு கோல்.
கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன்:
ஆறு பெனால்டி.

கோலுக்குக் கனி இருக்கிறான்.
மாட்டுத்தாவணியில் விடிய விடிய
வெங்காய மூட்டை பிடிப்பவன்
பந்தையா விடப்போகிறான்.
கார்னர் வந்தால் கண்ணை மூடுவான்,
அதை நான் எழுதவில்லை.

நடுவில் ஓடுவதற்கு மூன்று பேர்,
யோசிப்பதற்கு ஒருவன்.
அவனுக்குத் தை மாதம் கல்யாணம்.

ராத்திரி ஸ்கோர் நோட்டை விரித்து
வாங்கிய கோல் பத்தொன்பதுக்கும்
வந்த பக்கம் பார்த்துக் கோடு போட்டேன்.
பதின்மூன்று கோடு இடது ஓரத்தில்.
அதில் ஒன்பது
எழுபதாவது நிமிஷத்துக்கு மேல்.

இடது ஓரம் நான்.

வெயிலைக் கழித்தேன். ரெப்ரியைக் கழித்தேன்.
மழை பெய்த அன்றைக்கு வழுக்கியதைக் கழித்தேன்.
பத்துக்குக் கீழே இறங்கவில்லை.

மேலூர்ப் பையன் ஒருவன், அழகுராசு,
இடதுகால்காரன்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் என்னைத் தாண்டிப் போனவன்
திரும்பி "சாரிண்ணே" என்றான்.
தாண்டியதைக்கூட விட்டுவிடலாம்.

எழுதினேன்:
ஒன்று, லெப்ட் பேக்.
அழுத்தியதில் அடுத்த தாளிலும் விழுந்தது.

ஞாயிறு. பேன் சுற்றியது, வேர்வை நிற்கவில்லை.
தத்தனேரிக்காரர்கள் சேசுதாஸைத் தூக்கினார்கள்,
விசில், மேசைத் தட்டல்.
சந்திரபோஸ் என்னைப் பார்க்கவில்லை.

அனுப்பானடிக்காரர்கள்
தலையோடு தலை வைத்து
நெடுநேரம் முணுமுணுத்தார்கள்.
பிறகு மைக்கில்:
"மேலூர், அழகுராசு."

"இப்ப யாரு கேப்டன்?"
சந்திரபோஸ் என் பக்கம் சாய்ந்தார்.

மேசைக்கடியில் என் முழங்கால்
தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.
வருத்தத்தில்தான் என்று
அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.