பதினோரு விநாடி

சுங்காயில், முடிவெட்டும் கடைக்கு மேல்மாடி.
கீழே கத்தரிக்கோல் நின்றால்
என் பெட்டியின் விசிறிச் சத்தம் கேட்கும்.
நான் பொட்டலம் கட்டுகிறவள்.
செம்பனை ஆலை மூன்று, எடைமேடை மூன்று,
மூன்றுக்கும் ஒரே பைத்தான் நிரல்.

புதன்கிழமை கிராணி சவரிநாதன் கூப்பிட்டார்:
"லோரி மேல ஏறி நிக்குது, பிள்ள.
திரை பதினோரு விநாடி செத்துக் கிடக்குது.
பின்னால நாப்பது லோரி.
குலையெல்லாம் வெயில்ல வேகுது,
ஹாரன என் காதுக்குள்ள வச்சு அடிக்கிறானுங்க."

பதினோரு விநாடி
ஒரு மிடறு தே-ஓ. அவ்வளவுதான்.
நாற்பதால் பெருக்கு. பிறகு மூன்று ஷிஃப்ட்டால்.

உள்ளே நுழைந்து பார்த்தேன்.
ஒவ்வொரு லோரிக்கும் அந்தப் பெட்டி
முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளை
முதல் வரியிலிருந்து வாசிக்கிறது,
தனக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறது,
மாற்றியதை எழுதிவைக்கப் போகிறது,
அந்த அடைவில் எழுத அதற்கு அனுமதி இல்லை,
கீழே போட்டுவிடுகிறது.
அடுத்த லோரி.
ஆட்டிய மாவை வாய்க்காலில் ஊற்றிவிட்டு
திரும்பவும் அரிசி ஊறப்போடும் வீடு.

ஆனால் நான் ஆட்டித்தானே அனுப்பினேன்?
பொட்டலம் கட்டும்போதே கம்பைல் செய்து,
ஒவ்வொரு மூலத்துக்கும் பக்கத்தில்
அதன் பைட்கோடை வைத்துத்தானே
முடிச்சுப் போட்டேன்?

இரண்டு இரவு.
மூன்றாம் நாள் விடியக்காலை
கோப்பின் நெற்றியைத் திறந்து பார்த்தேன்.
மூலத்தின் அளவு: சரி.
மூலத்தின் தேதி: மார்ச் ஒன்பது.
பக்கத்தில் கிடக்கும் மூலமோ
ஜனவரி ஒன்று என்கிறது.

யார் மாற்றியது?
நான்தான்.
கட்டுமான வரிசையின் கடைசியில், என் கையால், ஒரு வரி:
எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி போடு.
இன்று கட்டினாலும் நாளை கட்டினாலும்
பொட்டலம் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கட்டுமே
என்ற நல்ல எண்ணம்.
கம்பைல் முடிந்த பிறகு போட்ட தேதி.

ஓர் எழுத்து மாறவில்லை.
ஒரு காற்புள்ளி நகரவில்லை.
தேதி ஒத்துப்போகவில்லை, அதனால் நம்பாதே.
அது கட்டளைக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது, பாவம்.

வெள்ளிக்கிழமை நானே ஆலைக்குப் போனேன்.
எடை அறையில் சவரிநாதன்
பிளாஸ்டிக் உறை ஒன்றை மடியில் விரித்திருந்தார்.
சிவப்பு அட்டை. பழுத்த பிறப்புத் தாள்.
அம்மாவின் அட்டையில் ஒரு வருஷம்,
தாளில் வேறு வருஷம்.
"ஆறாவது தடவை ஈப்போவுக்குப் போறேன்.
போன உடனே முதல்லேருந்து:
அம்மா பேரு? எந்த லயம்? பிரசவம் பார்த்தது யாரு?
எழுதிக்குவாங்க.
அடுத்த தடவ போனா
அந்தத் தாளே இருக்காது."

நான் கேபிளைச் சொருகினேன்.
வேறென்ன செய்ய.

தேதி போடும் வரியைக் கம்பைலுக்கு முன்னால்
தூக்கிவைத்திருந்தாலே போதும்.
எனக்கு மனம் ஒப்பவில்லை.
தேதி என்ற பேச்சையே எடுத்துவிட்டேன்.
இனி மூலத்தை முழுக்கப் படித்து
அதன் கைரேகையை எடு,
நெற்றியில் இருக்கும் ரேகையோடு ஒப்பிடு,
ஒன்றானால் உள்ளே விடு.
எப்போது பிறந்தாய் என்று கேட்காதே.

முதல் லோரி ஏறியது.
இரண்டு விநாடி.
எட்டு டன் நானூற்று இருபது கிலோ.
சீட்டு நாக்கை நீட்டியது.
டிரைவர் ஹாரனில் வைத்த கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கதவில் தட்டினான்.

சவரிநாதன் திரையைப் பார்க்கவில்லை.
உறையின் ஓரத்தை
நகத்தால் நீவி ஒட்டிக்கொண்டிருந்தார்.
"திங்கக்கிழம மொத பஸ் எத்தன மணிக்கு, பிள்ள?"

ஐந்தே முக்கால் என்றேன்.
அடுத்த லோரி ஏறியது.