ஒரு கோடு சிக்னல்

மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தேன்.
இணையதளத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
அதில் இருபத்திரண்டு, நான்.
நாலு, பேங்க்கில் இருக்கும் என் மச்சினன்.
ஒன்று, போட்டிக் கடை பொன்னுச்சாமி
(அவனே சொன்னான், டீ குடிக்கும்போது).
மிச்சம் நாலு பேர் யாரென்று தெரியவில்லை.

எட்டாயிரம் கொடுத்துச் செய்தது.
திறந்ததும் அருவி கொட்டும்.
பிறகு கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள்
கை குலுக்குவார்கள்.
தாராபுரத்தில், உடுமலை ரோட்டில்,
எரிந்த மோட்டாருக்குக் காப்பர் சுற்றும் பட்டறை எங்களது.
இங்கே கை கொடுத்தால் வார்னிஷ் ஒட்டும்.
அவர்களுக்குக் கீழே தங்க எழுத்தில்:
தரமே எங்கள் தாரக மந்திரம்.

தெரியாத நாலு பேரில் ஒருவர்
ராத்திரி இரண்டு நாற்பதுக்கு வந்திருக்கிறார்.
குண்டடம் பக்கம் என்று காட்டியது.
ஐம்பது நொடி நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.
அந்நேரத்துக்கு யார் அருவி பார்ப்பார்கள்?
மும்முனைக் கரண்ட் வந்திருக்கும்.
பொத்தானை அமுக்கியிருப்பார்.
ஸ்டார்ட்டர் ஒரு உறுமல் உறுமி அடங்கியிருக்கும்.
வெங்காயம் நட்டு ஒன்பதாம் நாளாக இருக்கும்,
இல்லை, இதெல்லாம் நானாக நினைத்துக்கொள்வது.

பாவாத்தாள் காயிலைக் காடிக்குள் தள்ளிக்கொண்டே சொன்னாள்:
"ஏனுங்க, நீங்க வைஃபைல உக்காந்து பாக்கறீங்க.
காட்டுக்குள்ள போயி நின்னு பாருங்க."

போனேன்.
பங்காளி ஒருவர் தோட்டம், எழுநூறடி போர்,
பக்கத்தில் நான், கையில் ஒரு கோடு சிக்னல்.
என் கடையை நானே தட்டினேன்.
வெள்ளைத் திரை. அதில் ஒரு வட்டம் சுற்றியது.
எழுநூறடியிலிருந்து தண்ணீர் குழாய் ஏறி வாய்க்கு வர
எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியும்.
அது வந்துவிடும் என்றும் தெரியும்.
இங்கே வந்தது அருவியின் மேல்பாதி மட்டும்.
கொசு கடித்தது.
கை குலுக்கியவர்களில் ஒருவருக்கு இன்னும் தலை வரவில்லை.
போன் நம்பர்
எல்லாவற்றுக்கும் அடியில், தங்க எழுத்துக்கும் கீழே,
படமாக ஒட்டியிருந்தது.
விரல் வைத்தால் அழைக்கவில்லை.
அவரிடம் பேனா இருந்திருக்குமா, அந்த இருட்டில்?

திரும்பி வந்து உருவிப் போட்டேன்,
கருகின சுற்றை உருவுகிற மாதிரி,
காடியில் ஒரு கம்பி மிச்சமில்லாமல்.
பிறகு புதிதாகச் சுற்றினேன்.
உச்சியில் நம்பர். தொட்டால் எங்கள் மணி அடிக்கும்.
ராத்திரியிலும் எடுப்போம்.
அஞ்சு ஹெச்பிக்கு என்ன கூலி, எத்தனை நாள்.
விலை போடாதீங்க, பொன்னுச்சாமி பார்ப்பான் என்றான் மச்சினன்.
பார்க்கட்டும், தவறாமல் வருகிறவன் அவன் ஒருவன்தான்.
வேலை முடியும்வரை மாற்று மோட்டார் தருவோம்,
இருப்பது இரண்டு, முந்துபவருக்கு.
படம் ஒன்றே ஒன்று: பாதி சுற்றின ஸ்டேட்டர்மேல்
பாவாத்தாளின் கை.
கழுவிவிட்டு வா என்றேன்.
இப்படியே எடுங்க என்றாள்.

மேப்பில் எங்கள் புள்ளி
எதிர்த்த கல்யாண மண்டபத்தில் விழுந்திருந்தது
அப்போதுதான் கண்ணில் பட்டது.
போன வைகாசியில் மூலனூர்க்காரர் ஒருவர்
மோட்டாரை வண்டியில் வைத்துவிட்டு
உள்ளே போய், உட்காரவைக்கப்பட்டு,
ரசம் மோர் வரைக்கும் சாப்பிட்டு,
கூச்சத்தில் இருநூறு மொய்யும் எழுதிவிட்டு
எங்களிடம் வந்தார்.
வழி தெரியாதவர் என்று நாங்கள் சிரித்தோம்.

இந்த மாதம் ஐம்பத்தெட்டு பேர். நான் ஒன்பதுதான்.
நேற்று ராத்திரி மூணு மணிக்கு மணி அடித்தது.
"கேக்க ஒண்ணுமில்லீங்க, எல்லாம் போட்டிருக்கீங்க.
கிளம்பிட்டேன்."
குண்டடமா என்றேன்.
இல்லைங்க, கன்னிவாடி என்றார்.

குண்டடத்துக்காரர் திரும்ப வரவே இல்லை.
வெங்காயம் என்ன ஆனதோ.

பட்டறை விளக்கைப் போட்டுவிட்டு,
எதற்கும் இருக்கட்டும் என்று
ரோட்டில் வந்து நின்றேன்,
மண்டபத்து வாசலை மறைத்தபடி.