கேள்வி நேரம்

தார்த்து நகரில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
இலவச உரைக்கு வந்தவர்களின் ஈரக் கோட்டுகள்
அரங்கமெங்கும் கம்பளி நாற்றம் பரப்புகின்றன.

திரையில் ஒரு கண்ணாடித் தட்டு.
எவர் மார்பிலும் இல்லாத இதயத் துணுக்கொன்று
அதில் துடிக்கிறது.
பேராசிரியர் மாரிக்கா லெப்பிக் பேச்சை நிறுத்தி
அதைத் துடிக்க விடுகிறார்.

பிறகு:
"என்ன ஆவதென்று முடிவெடுக்காத செல்லாக இருந்தது இது.
அக்கம்பக்கம் சொல்வதைக் கேட்டுத்தான்
எலும்பாகும், நரம்பாகும்."

கடைசி வரிசையில் ஒரு கை.
மர ஆலை ஹெய்னோ. மூன்றே விரல்.
"மீதி இரண்டும் எப்போது?"

"தெரியாது.
குளத்து நீர்ப்பல்லிக்குத் தெரியும்,
எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்துகிறார்.
ஹெய்னோ உட்கார்கிறார்.
பக்கத்து இருக்கைக்காரி, முன்பின் தெரியாதவள்,
தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு
அவர் கோட்டுக்கு இடம் விடுகிறாள்.