பதினொரு நிமிடம்

நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயக் கணக்கு எழுதுகிறேன்.
ஐந்தே முக்காலுக்குச் சட்டர் இறங்கும்.
கொட்டாஞ்சேனைக்கு இரண்டு வழி.
உல்பெண்டால் பக்கத்தால் குறுக்கே ஏறுவது ஒன்று.
செட்டியார் தெருவால் போய்
கொச்சிக்கடை அந்தோனியாரைத் தொட்டுத் திரும்புவது மற்றது.
அது பதினொரு நிமிடம் கூட.

குறுக்கு வழியில் ஒரு கறுப்புக் கண்ணாடிக் கதவு.
திறந்தால் ஏசிக் குளிர், ஆண்களின் வேர்வை,
சுவர் முழுக்க டீவி.
நான் ஒருநாளும் காணாத நாடொன்றின் மழையில்
குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கும்.
எல்லாக் குதிரைக்கும் பெயர் தெரியும் எனக்கு.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர் தெரியாது.

மூன்று வருசம் அந்த மழையில் நனைந்தேன்.
முதலில் சம்பளம்,
பிறகு சீட்டுக்காசு, பிறகு மெர்சலினின் காப்பு.
ஒரு சனிக்கிழமை
மூத்தவளின் டியூசன் காசைக் கவுண்டரில் எண்ணி வைத்தபோது
கை நடுங்கவே இல்லை.
அன்றுதான் பயம் வந்தது.

சத்தியம் பண்ணினேன்.
அந்தோனியாரின் காலடியில் ஒன்று, பிள்ளையின் தலையில் ஒன்று,
கடைக் கலண்டரின் பின்பக்கம் சிவப்பு மையில் ஒன்று.
ஒவ்வொன்றும் அடுத்த சம்பளம் வரை உயிரோடு இருந்தது.

"மனசை இரும்பாக்கு மச்சான்" என்றான் நிஸ்தார்.
என் மனசு ஈர வெங்காயம்,
விரல் பட்டாலே தோல் கழரும்.
அதனோடு பேச்சுவார்த்தை சரிவராது என்று
செருப்போடு பேசத் தொடங்கினேன்.
இடப்பக்கம் திரும்பு.
அவ்வளவுதான். செருப்புக்கு அது விளங்கியது.

அடக்கம் என்கிறார்கள் இதை.
எங்கள் வீதியில் அந்தச் சொல்
மரண அறிவித்தலில்தான் வரும்:
பின்னேரம் நாலு மணிக்கு மாதம்பிட்டியில் அடக்கம்.
நான் ஒன்றையும் அடக்கம் செய்யவில்லை.
அது உயிரோடுதான் இருக்கிறது,
ஆறு மணியானால் அதற்குப் பசிக்கிறது.
பசிக்கட்டும் என்று நடக்கிறேன்
நகைக்கடை வெளிச்சத்துக்குள்ளால்,
கோயில் மணிக்குள்ளால்,
மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீருக்குள்ளால்.

சித்திரை போனஸ் நாளன்று விழுந்தேன்.
மூவாயிரத்து எண்ணூறு ரூபாய், இருபது நிமிடம்.
வெளியே வந்தபோது எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்,
இருநூற்றுப் பதினாலு நாளும் சேர்த்து.
மறுநாள் கடையில் மூட்டை நிறுத்தோம்.
தம்புள்ளையில் ஏற்றிய ஐம்பது கிலோ
இங்கே நாற்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கீழே.
காய்வு என்று ஒரு நிரல் இருக்கிறது பேரேட்டில்,
இருபது வருசமாக நானேதான் எழுதுகிறேன்.
ஒரு கிலோ காய்ந்ததற்காக
எந்த முதலாளியும் மூட்டையைக் கடலில் போட்டதில்லை.
எழுதினேன். கோடு கீறினேன்.
அன்று பின்னேரம் இடப்பக்கம் திரும்பினேன்.

பெரிய மனிதனாகிவிடவில்லை.
காப்பு இன்னும் அடகில்.
ஆனால் மூத்தவள் இப்போது
தன் பர்சை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள்.
முன்பு அதையும் கொண்டுபோய்க் கதவைப் பூட்டுவாள்.
பர்சுக்கு எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறேன்.
தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.
அவள் பாடுகிறாள்கூட.

போன வெள்ளி நல்ல மழை.
சுமனபாலவின் திரீவீலில் ஏறினேன்.
அவனுக்கு என் கதை தெரியாது, குறுக்கு வழியால் விட்டான்.
கறுப்புக் கதவு நெருங்க நெருங்க
பின்சீட்டில் என் வலது கால்
இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது.
நிற்பதற்கா, நிறுத்துவதற்கா,
இன்னும் எனக்குத் தெரியாது.
திரீவீல் நிற்கவில்லை.
வீட்டுக்குப் பதினொரு நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்தேன்,
என்ன செய்வதென்று தெரியாமல்
வாசலில் நின்று செருப்பைக் கழுவினேன்.