இடது காதுப் பக்கம்

எங்கள் சதுப்பில் இரண்டடி தோண்டினால் தண்ணீர்.
நாலடியில் குழி தானாகப் பேசத் தொடங்கும்,
களக் களக்கென்று.
பெட்டியை இறக்கும்போது எழும் அந்தச் சத்தத்தைக்
கேட்காததுபோல் நிற்க
லிங்கன்ஷயரில் இந்த ஊர் பழகியிருந்தது.
பழைய குருவானவர் அந்த இடத்தில் மட்டும்
ஜெபத்தை உரக்கச் சொல்வார்.

புதியவர் வந்தது இருபத்து மூன்றாம் ஆண்டு நவம்பரில்.
மேஜர் தோர்பரி, பீரங்கிப்படை.
மேஜர் என்று கூப்பிட வேண்டாம் என்றார்.
ஊர் அப்படியேதான் கூப்பிட்டது.
பேராயர் நகரத்துச் சபை ஒன்றைக் காட்டினாராம்,
இவர் வரைபடத்தில் விரல் வைத்து
எங்கள் சேற்றைக் கேட்டு வாங்கினாராம்.
ஏனென்று யாருக்கும் தெரியாது.

இடது காது சுத்தமாகக் கேட்காது.
பிரசங்கம் ஏழு நிமிடம்.
மின்னல் வெட்டினால் பேச்சை நிறுத்துவார்,
உதடு மட்டும் எண்ணும்,
இடி வந்த பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

முதல் அடக்கம், கிழவர் கிளேபோர்னுடையது.
குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.
மேஜர் எட்டிப் பார்த்தார்.
வெள்ளை அங்கியைக் கழற்றி
என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே குதித்தார்.
"வாளி" என்றார். ஓடினேன்.
"மூலையில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டு, பிக்வொர்த்.
தண்ணீர் தானே அங்கே வரும்.
அங்கிருந்து மொள்."
இருபது வருடம் குழி வெட்டியவன் நான்,
எனக்கு இது தெரியாது.
ஒரு கால் குட்டை என்று படையில் என்னை எடுக்கவில்லை.
அதைப் பற்றி ஊரில் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

அன்று பெட்டி சத்தமில்லாமல் இறங்கியது.
ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள், அந்த அமைதிக்கு.

ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம்.
அங்கி அறை வாசலில் ஹெஸ்டர் கௌல்.
கையில் ஒரு கடிதம், மடிப்பில் கிழிந்து
மாவுப்பசையால் ஒட்டியது.
"இது உங்கள் கையெழுத்துதானே?"
அவர் வலது காதைத் திருப்பினார்.
"என் மகன் வலியில்லாமல், உடனே, என்று இருக்கிறது.
உடனேயா?"

நான் மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தவறியது.

"இல்லை" என்றார்.
"நாற்பது நிமிடம்."
"பக்கத்தில் யார் இருந்தது?"
"யாருமில்லை.
நான் தொலைபேசியில் இருந்தேன்.
தூரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கூப்பிட்டான். கேட்டது.
அப்போது இரண்டு காதும் கேட்டது."

அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

மூன்று ஞாயிறு வரவில்லை.
நாலாவது ஞாயிறு வந்தாள்.
இடது பக்கம், முதல் வரிசை,
அவருக்குக் கேட்காத பக்கம்.
பதினெட்டு வருடம் அங்கேயேதான்.
பாட்டு வரும்போதெல்லாம் அவள் வாய் அசையும்.
பாடினாளா, வேறெதாவது சொன்னாளா,
பின்வரிசையிலிருந்த எனக்கும் தெரியாது.
நற்கருணை வாங்க வருவாள்.
அவர் கை அவளிடம் மட்டும்
கொஞ்சம் தாமதிக்கும்.

அவள் போனது பிப்ரவரியில்,
வாய்க்கால் கரை உடைந்த வாரம்.
மேஜருக்கு எழுபது தாண்டியிருந்தது.
வேண்டாம் என்றேன்.
என்னைத் தாண்டிப் போய்
ஏணி வைத்து இறங்கினார்.
மூலையில் பள்ளம். வாளி. நானும் அவரும்.
மொள்ள மொள்ள ஊறியது.

ஜெபம் முடிந்தது. ஆட்கள் போனார்கள்.
நான் மண்வெட்டியை எடுத்தேன்.
"கொஞ்சம் பொறு" என்றார்.
மழை தூறியது.
குழியின் ஓரத்தில்,
வலது காதைக் கீழ்ப்பக்கம் சாய்த்து நின்றார்.
எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.
குட்டைக் கால் மரத்து,
பிறகு நல்ல காலும் மரத்தது.
கீழே தண்ணீர் மறுபடி பேசத் தொடங்கியிருந்தது.
அவர் நகரவில்லை.